மூணு தரம்

பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி முதன்முதலாக எம்.பி. ஆன அன்று, காலை பதினோரு மணி சுமாருக்கு, மணப்பொழிக் கடற்கரையில் ஒரு கூடை சாளை மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்த மிக்கேலம்மாளின் குரல், "ரெண்டு தரம்" என்று சொல்லி முடித்து "மூணு" என்று தொடங்குவதற்குள், அவள் தொண்டையை விட்டுப் புறப்பட்டு டெல்லிக்குப் போய்விட்டது. வலியொன்றும் இல்லை. கூடையைச் சுற்றி நின்ற வியாபாரிகள் அவள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தாள். மிளகு மெல்லச் சொன்னார்கள், மென்றாள். மாதா கோயில் வாசலில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டிருந்த ஆள் ஓடிவந்து, அண்ணாச்சி நாற்பத்து மூவாயிரம் ஓட்டில் ஜெயித்துவிட்டார் என்று கத்தியதும், எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "அப்பம் சரி, குடுத்த சாமான் போய்ச் சேந்துட்டு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மீனைக் கண்மதிப்பாக விலை பேசி எடுத்துப் போனார்கள்.

கொடுத்தது உண்மைதான். ஊரே சாட்சி.

அண்ணாச்சி அதற்கு முன் இரண்டு தேர்தலில் நின்றவர். முதல் தேர்தலில் டெபாசிட் போனது. இரண்டாவதில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார், அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒருநாள் நேரில் பார்த்து ஏன் என்று கேட்கப்போவதாகச் சொல்லித் திரிந்தார். மூன்றாவது தேர்தலுக்குச் சித்திரை வெயிலில் நாற்பது நாள் ஜீப்பில் நின்று கத்தி, மணப்பொழிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குத் தொண்டையில் காற்றைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. வாயைத் திறந்தார், மைக்கில் புஸ்ஸென்றது. பக்கத்தில் நின்ற ஒன்றியச் செயலாளர், "நாடாளுமன்றத்தில் உங்களுக்காகக் குரல் கொடுப்பார், குரல் கொடுப்பார்" என்று அவருக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

மிக்கேலம்மாளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மணப்பொழியில் அவள் குரலுக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, கரைக்கு வரும் மீனை ஏலம் கூறுவது. இன்னொன்று, தை மாசிப் பனியில் கரை தெரியாமல் வள்ளங்கள் தடுமாறும்போது, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல்மேட்டில் ஏறி நின்று, "இஞ்சேருங்க... வலத்த பிடிங்க!" என்று கூப்பிடுவது. கூப்பிடுவது என்னவோ தன் புருஷன் இன்னாசியைத்தான், ஆனால் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு முப்பது வள்ளமும் பாறையில் முட்டாமல் கரையேறிவிடும். ஊரில் எந்தப் பெண் "இஞ்சேருங்க" என்று கூப்பிட்டாலும் அவள் புருஷன்தான் திரும்புவான், மிக்கேலம்மாள் கூப்பிட்டால் ஊர்ப் புருஷன்மார் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேலி உண்டு.

"அண்ணாச்சிக்கே குரலைக் காணோம், இவுக எங்கிட்டுப் போயி நமக்குக் குரல் குடுக்கப் போறாக?" என்றாள் அவள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அண்ணாச்சி கோபப்படவில்லை, அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். ஜீப்பை விட்டு இறங்கி மணலில் நடந்து வந்து, அவள் முன்னால் கைகூப்பி, காற்றுப்போன தொண்டையால், "நீ குடு தாயி, நான் குடுக்கேன்" என்றார்.

"குடுத்தா என்ன விலை தருவிய?"

"என்ன வேணும்?"

"தூண்டில் வளைவு" என்றாள் மிக்கேலம்மாள். கடலுக்குள் தூண்டில் முள்ளைப்போல் வளைந்து போகும் கல்வரிசைக்கு அந்தக் கரையில் அதுதான் பெயர். அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். அது இல்லாததால் மணப்பொழி வருஷத்துக்கு நாலு வீட்டைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"தந்தேன்" என்றார் அண்ணாச்சி.

அங்கேதான் மிக்கேலம்மாள் தப்புப் பண்ணினாள், ஏலக்காரி மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, வாய்க்கு வந்த பழக்கத்தில், "குரலு ஒண்ணு, விலை தூண்டில் வளைவு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று கூறிவிட்டாள். மணப்பொழியில் எழுதின பத்திரத்தை மாற்றலாம், பங்குச் சாமியார் கோயிலில் ஓலை வாசித்து அறிவித்த கல்யாணத்தைக்கூட நிறுத்தலாம், மூணு தரம் சொன்னதை மாற்ற முடியாது. மாற்ற ஒரே வழி மறு ஏலம். வாங்கினவன் விலையைத் தராவிட்டால், அவனைக் கரையில் நிறுத்திவைத்துச் சரக்கை மறுபடி ஏலத்துக்கு விடலாம். அப்போது கேட்பார் யாருமில்லையென்றால் சரக்கு உடையவருக்கே திரும்பும். இது மணப்பொழிச் சட்டம், எந்தக் கடலும் இதை அடித்துக்கொண்டு போனதில்லை.

குரல் போன முதல் வாரம் இன்னாசி சாப்பிடவில்லை. இரண்டாவது வாரம் டெல்லியில் சபை கூடியது. பங்கு மண்டபத்துத் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் ஊரே உட்கார்ந்திருக்க, வெள்ளை வேட்டி சட்டையில் அண்ணாச்சி எழுந்து, "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே! மணப்பொழி மக்கள் வருஷத்துக்கு நாலு வீட்டக் கடலுக்குக் குடுத்துட்டு நிக்காவ!" என்று மிக்கேலம்மாளின் குரலில், மிக்கேலம்மாளின் ஏல ராகத்தில் முழங்கினார். சபை அடங்கிப்போனது. அமைச்சர் ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து, வாங்கிக்கொள்வதாகக் கையைத் தூக்கினார். மறுநாள் பத்திரிகைகள் 'தென்னகத்தின் கணீர்க் குரல்' என்று எழுதின. மீசை வைத்த மனிதருக்கு மீன்காரியின் குரல் எப்படி என்று டெல்லியில் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே யார் குரலில் யார் பேசுவதும் புதிதில்லை போலிருக்கிறது.

மணப்பொழியிலோ பெருமை தாங்கவில்லை. "ஏட்டி, நம்ம மிக்கேலம்மாதாம்ட்டி பேசுதா!" என்று அடுத்த வீட்டுக் கலிஸ்டாள் அவளைக் கட்டிக்கொண்டாள். ஊர் அவளுக்கு எம்.பி. அக்கா என்று பெயர் வைத்தது. பக்கத்து ஊர்களிலிருந்து மனு எழுதிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார்கள், அவளும் வாங்கி அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், சாமியார் பாவங்களை வரிசையாக வாசிப்பார், அவள் தலையசைப்பாள். சாமியாருக்குக் காது மந்தமென்பதால் உரக்க வாசித்தார், வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு அவள் எதற்கெல்லாம் தலையசைத்தாள் என்று தெரியாமல் போனதுதான் பெரிய குறையாக இருந்தது.

ஏலத்துக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமியார் காலத்து ஈயத்தட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. விலையை விரலால் காட்டி, அகப்பைக் காம்பால் அதைத் தட்டினாள். ஒரு தட்டு, ஒரு தரம். இரண்டு தட்டு, ரெண்டு தரம். மூன்றாவது தட்டில் மீன் கைமாறியது. பனிநாட்களில் மணல்மேட்டில் நின்று அதே தட்டை அடித்தாள். குரல் போன தூரம் தட்டின் சத்தம் போகாது, ஆனாலும் கைவலிக்க வலிக்க அடித்தால் வள்ளங்கள் வந்து சேர்ந்தன. ஊர் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகவில்லை?

முதல் ஐந்து வருஷத்தில் அண்ணாச்சி இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்டார், அதில் முப்பத்தொன்று தூண்டில் வளைவைப் பற்றியது. சாமியார் அதையெல்லாம் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கோயில் கதவில் ஒட்டினார். கல் மட்டும் வரவில்லை. "கேட்டுக்கிட்டே இருக்கால்லா, வந்துரும்" என்று ஊர் சொல்லியது, அவரைப் பேச்சில் 'கேட்கிறார்' என்று சொல்லாமல் 'கேட்கிறாள்' என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். அடுத்த தேர்தலில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். அண்ணாச்சி கரைக்கு வந்து, மிக்கேலம்மாளுக்குச் சால்வை போர்த்தி, அவள் குரலாலேயே அவளுக்கு நன்றி சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படியிருந்தது என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல முடியாது.

இரண்டாவது ஐந்து வருஷத்தில் தூண்டில் வளைவைப் பற்றி ஒன்பது கேள்வி. மூன்றாம் முறை ஜெயிப்பதற்குமுன் அண்ணாச்சி கட்சி மாறினார். நேற்றுவரை யாரைத் திட்டிய குரலோ, அதே குரலால் இன்று அவரையே வாழ்த்தினார். மணப்பொழிக்குக் கொஞ்சம் நெஞ்சு கசந்தது. இன்னாசி வீட்டுச் சுவரிலிருந்த அண்ணாச்சி படத்தைக் கழற்றினான்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மத்தியானம் அவன் கைப்பேசி அடித்தது. எடுத்தான்.

"இஞ்சேருங்க..." என்றது மிக்கேலம்மாளின் குரல்.

பத்து வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்காதவன் பிடித்திருந்த வலையை நழுவவிட்டான். "இஞ்சேருங்க, உங்க பரமார்த்தலிங்கம் பேசுதேன். மறக்காம நம்ம சின்னத்துல..." என்று அது தொடர்ந்தது. பதிவுசெய்த பேச்சு, கடற்கரைத் தொகுதிக்கென்று யாரோ படித்தவன் யோசித்துப் போட்ட ஆரம்பம். இன்னாசி அதைக் கடைசிவரை கேட்டான். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது, மறுபடி கேட்டான். ஏழு நாள் கேட்டான். மிக்கேலம்மாள் அடுப்பிலிருந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், தன்னிடமில்லாத ஒன்றோடு தன் புருஷன் குடும்பம் நடத்துவதைப் பார்ப்பது மாதிரி இருந்தது, அழுகை வந்தது, அதற்கும் சத்தமில்லை. எட்டாம் நாள் இன்னாசி போய் அண்ணாச்சிக்கே ஓட்டுப் போட்டான். ஊரிலும் பாதிக்குமேல் அப்படித்தான் போட்டார்கள். அவர் தோற்றால் குரல் எங்கே போய் அலையுமோ என்று அவர்களுக்குப் பயம்.

மூன்றாம் முறை போனவர் தூண்டில் வளைவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் சபையில் ஒரு மசோதா வந்தது. கரையோர நிலங்களைத் துறைமுகம் கட்டும் கம்பெனிகளுக்குக் கைமாற்றுகிற மசோதா, அட்டவணையில் பதினேழாவது பெயர் மணப்பொழி. சாமியார் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார். ஊர் பங்கு மண்டபத்தில் கூடியது. யாருக்கும் பெரிய கவலையில்லை, நம்ம குரல்தான் அங்கே இருக்கிறதே, விட்டுவிடுமா? கலிஸ்டாள் கடலை வறுத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இதைக் குரல் வாக்கெடுப்புக்கு விடுகிறேன்" என்றார் அவைத்தலைவர். "ஏற்பவர்கள் ஆம் என்க."

நூற்றுக்கணக்கான தொண்டைகள் முனகின. அவற்றுக்கெல்லாம் மேலே, பொழிமுகம் தாண்டி எட்டுப் பாக ஆழக் கடல்வரை கேட்கிற அந்தக் குரல், கணீரென்று, ஏலத்தின் மூன்றாம் தரத்தைச் சொல்லும் அதே அழுத்தத்தில், "ஆம்!" என்றது.

மண்டபத்தில் எல்லோரும் திரும்பி மிக்கேலம்மாளைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னட்டி இப்பிடிச் சொல்லிட்ட?" என்றாள் கலிஸ்டாள்.

அவள் இல்லையில்லை என்று தலையை ஆட்டினாள். பாவசங்கீர்த்தனத்தில் அத்தனை வருஷம் ஆட்டின தலைதானே. ஒருவர்கூட நம்பவில்லை. கலிஸ்டாளின் வீடுதான் கரையை ஒட்டி முதல் வீடு. அவள் கடலைத் தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப்பின் மிக்கேலம்மாளோடு பேசவில்லை. பேசவே முடியாதவளோடு ஒருத்தி பேச்சை நிறுத்தினால் அது எவ்வளவு வலிக்கும் என்று மிக்கேலம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கம்பெனி வந்தது, வேலி வந்தது. கல்லும் வந்தது, லாரி லாரியாக. ஆனால் மணப்பொழிக்கு அல்ல, வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் கப்பல் துறைக்கு. அந்தக் கற்சுவரில் மோதித் திரும்பிய அலை அந்த வருஷம் ஆனியில் பதினொரு வீட்டை எடுத்தது. முதல் வீடு கலிஸ்டாளுடையது.

நான்காவது முறை எம்.பி. ஆவதற்கு ஓட்டுக் கேட்க அண்ணாச்சி வந்தபோது, கரையில் ஜீப் நிற்கும் அளவுக்குத்தான் இடமிருந்தது. மாலை போட ஆளில்லை. ஆனால் ஊர் முழுக்கக் கூடி நின்றது. அவர் மைக்கைப் பிடித்து, "அன்பான தாய்மார்களே" என்று ஆரம்பிக்குமுன், மிக்கேலம்மாள் ஜீப்புக்கு முன்னால் வந்து நின்று, இடுப்பிலிருந்து ஈயத்தட்டை எடுத்தாள். வெறுங்கையால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கடலைக் காட்டி, தூண்டில் வளைவு இல்லாத இடத்தைக் காட்டி, கையை விரித்தாள்.

முதலில் புரிந்துகொண்டவள் கலிஸ்டாள். "மறு ஏலம்!" என்று கத்தினாள். "வாங்கினவரு விலை தரல. வாங்கினவரு கரையில நிக்காரு. சரக்கு மறு ஏலத்துக்கு வருது. கேக்கவுக கேளுங்க!"

அண்ணாச்சிக்குக் கரைச்சட்டம் தெரியும். அவசரமாக, "இந்த முறை நிச்சயம் கட்டித் தருவேன், என்னை நம்புங்க" என்றார்.

"விலை கையில வச்சிருந்தாத்தான் கேக்கலாம் அண்ணாச்சி" என்றான் இன்னாசி.

மிக்கேலம்மாள் தட்டினாள். "ஒரு தரம்" என்றது ஊர். இரண்டாவதாகத் தட்டினாள். "ரெண்டு தரம்." அண்ணாச்சி ஓட்டுநரின் முதுகில் தட்டி வண்டியை எடுக்கச் சொல்லிக்கொண்டே, மைக்கில், "தாய்மார்களே! தாய்..." என்றார். மூன்றாவது தட்டு விழுந்தது.

"...மார்களே" என்பது மிக்கேலம்மாளின் வாயிலிருந்து வந்தது.

மைக்கில் புஸ்ஸென்றது. ஊர் ஆரவாரம் செய்தது, கோயில் மணியை அடித்தார்கள். அவள் மணலில் உட்கார்ந்து பதினைந்து வருஷத்து அழுகையைச் சத்தமாக அழுதாள், கலிஸ்டாள் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு அழுதாள்.

அண்ணாச்சி ஒன்பதாயிரம் ஓட்டில் ஜெயித்தார். மணப்பொழியில் அவருக்கு விழுந்தது நாலு ஓட்டு, தொகுதி பெரிது. குரல் போனதைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவுமில்லை. பதினைந்து வருஷம் பேசியதெல்லாம் பதிவாகி இருந்தது, அதில் வேண்டியதை வெட்டி ஒட்டி வண்டிகளிலும் கைப்பேசிகளிலும் ஓடவிட்டார். கம்பெனியின் படகொன்று கரையோரமாகவே ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, "இஞ்சேருங்க, நன்றி, நன்றி" என்று நன்றி தெரிவித்துத் திரிந்தது.

மிக்கேலம்மாளிடம் வந்து சேர்ந்த குரலில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அவள் ஏலத்தில் விலை சொன்னால் வியாபாரிகள் ஒருதடவை கூடைக்குள் கைவிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "மழை வரும் போலிருக்கு" என்று அவள் சொன்னால், கேட்டவர்கள் காய்ந்த துணியை எடுக்காமல் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். ஒருநாள், "குழம்பு வச்சிருக்கேன், சாப்புடுங்க" என்றாள். இன்னாசி சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் தான் செய்தது அவனுக்கே உறைத்தது. மூடியை மெதுவாக வைத்தான். 

மாசி பிறந்தது. ஒரு விடியலில் கை நீட்டினால் விரல் தெரியாத பனி. வள்ளங்கள் வரும் நேரம். மிக்கேலம்மாள் மணல்மேட்டில் ஏறினாள். இத்தனை வருஷம் கழித்துக் குரல் கையில், அதாவது தொண்டையில், இருக்கிறது என்ற சந்தோஷத்தில் தட்டை இடுப்பிலேயே விட்டுவிட்டு, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்க...! வலத்த பிடிங்க!"

பனிக்குள்ளே இன்னாசியின் வள்ளத்து எஞ்சின் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு இடப்பக்கம் திரும்பியது.

"இஞ்சேருங்க! அங்க கல்லு கெடக்கு! வலத்த! நாந்தான், மிக்கேலு!"

எஞ்சின் இன்னும் விலகிப் போனது. அதன் பின்னால் மற்ற எஞ்சின்களும், ஒன்றன்பின் ஒன்றாக, அந்தக் குரலிடமிருந்து தப்பித்து, கம்பெனியின் கற்சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவள் கத்தக் கத்த அவை விலகின. அவளுக்குப் புரிந்தது. வாயை மூடினாள். இடுப்பிலிருந்த தட்டை உருவி, காம்பு கிடைக்காமல் கையிலிருந்த வளையலாலேயே அடித்தாள். வளையல் உடைந்தது. ஒரு கல்லை எடுத்து அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

எஞ்சின் நின்றது. பிறகு திரும்பியது.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகப் பொழிமுகத்துக்குள் நுழைந்தன. இன்னாசி இடுப்பளவு தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். அவள் மணிக்கட்டில் ரத்தம் வழிவதைப் பார்த்துத் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினான்.

"நன்றி சொல்லுத படகுன்னு நெனச்சு விலகுனோம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "நல்லவேளை, தட்டுச் சத்தம் கேட்டுது."

மிக்கேலம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இன்னாசி அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்துகொள்ள, அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தான்.